நூல் சுற்றவில்லை

ஒடிசா,
25.8.2025

பிரியமுள்ள அனுசியா அக்காவுக்கு,

போனில் பேசினால், அம்மாவுக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இங்கே நிலக்கரித் தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடிய பெரிய தொட்டியில் நுண்ணுயிர்களை விட்டு, கரியில் இருக்கும் கந்தகத்தைத் தின்ன வைக்கிறோம். வேகமாகக் கலக்கினால் அவை செத்துப்போகும். மெதுவாகக் கலக்கினால் கரி அடியில் தங்கிவிடும். இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. பயமாக இருக்கிறது அக்கா. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி,
ராஜபாண்டி

அருப்புக்கோட்டை,
31.8.2025

அன்புத் தம்பிக்கு,

படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பட்டறையில் கறுப்புச் சாயத் தொட்டியிலும் இதே வாடைதான். நாங்கள் கம்பியில் நூலைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். ஓட்டம் இருந்தால் நூல் கம்பியைச் சுற்றிக்கொண்டு வரும். சும்மா தொங்கிக்கொண்டு வந்தால் அங்கே கசடு கிடக்கிறது என்று அர்த்தம். இந்தக் கவரிலேயே வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். பார்த்து, மேலே உள்ளவர்களிடம் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா அனுசியா

ஒடிசா,
8.9.2025

அக்காவுக்கு,

இறக்கிப் பார்த்தேன். மேல்பாதியில் நூல் சுற்றியது, அடியில் சுற்றவே இல்லை. சூப்பர்வைசரிடம் காட்டினேன். தொட்டியை வடித்துவிட்டு, வியாழக்கிழமை உள்ளே இறங்கிக் கசடைச் சுரண்ட வேண்டுமாம். கண்டுபிடித்தவன் நீதானே, நீயே இறங்கு என்றுவிட்டார்.

ஆனால் பயப்படாதே. மூடியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் வாடையே இல்லை. காற்றோடு போய்விடுகிறது போல.

ராஜபாண்டி

மதுரை பஸ்ஸில்,
13.9.2025

ராசா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை.

வாடை போகவில்லையடா, உன் மூக்குதான் மரத்துப்போயிருக்கிறது. எங்கள் பட்டறை மொக்கையன் அண்ணனும் "வாடை போயிருச்சு"ன்னு சொல்லித்தான் தொட்டிக்குள் குனிந்தார். பிணமாகத்தான் தூக்கினோம். நூலைப் பற்றி எழுதினேனே, பாவி, இதை எழுதாமல் விட்டேனே!

காலையிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏங்கிட்ட அப்பவே சொல்லிருந்தா, வந்துருலேன்னு போன்லயே கத்திருப்பேனேடி" என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, உன் நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டு வாரேன். உன் கையால் நீ வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுசியா