கழற்ற மறந்த மைக்

கேமராக்காரரே,

மெமரி கார்டைத் தேட வேண்டாம், என்னிடம்தான் இருக்கிறது. நம் படத்துக்குப் பேட்டி கொடுத்த ஆலைத் தொழிலாளி வீட்டம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். எத்தனை முறை புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை.

பேட்டி முடிந்ததும் இன்னும் கேட்கலாம் என்று நீங்களும், போதும் என்று நானும் வாசலில் மல்லுக்கு நின்றோம். அந்த நேரத்தில் அந்தம்மா மகளிடம் சொன்னதை, நாம் கழற்ற மறந்த காலர் மைக் பிடித்துவிட்டது. "ஸ்டிரைக் அன்னைக்கு மொதலாளி ஆளுங்களுக்கு ஆலைக் கதவத் தொறந்துவிட்டது உங்கப்பாதான்டி." அவர் நம்மிடம் சொல்லாத அதைப் படத்தில் வைத்தே தீருவேன் என்று நேற்றும் ஒற்றைக்காலில் நின்றீர்கள். வைக்கலாமா என்று நான் அவரிடமே நேரில் கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன்.

ரொட்டி டப்பாவில் இருக்கிறது. முட்டையை நீங்களே வேகவைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தைக் கருக்கிவிடாதீர்கள். பின்னணிக் குரல் கொடுப்பவர் மதியம் வருவார், ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங் அறைச் சாவி உங்கள் நீலச் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. வீணாக என்னைத் திட்ட வேண்டாம்.

பி.கு.: செருப்பை மாட்டிய பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, பதிவைக் கடைசிவரை கேட்டேன். கேமரா ஸ்டாண்டை எடுக்க நீங்கள் மட்டும் உள்ளே போய் அந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்: "ரொம்பக் குடைஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்கம்மா. அவ சொன்னதுதான் சரி. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அந்தத் துண்டை மட்டும் அழிக்க மாட்டேன். அதற்கு உங்களிடம் அனுமதியும் கேட்கப் போவதில்லை.