எட்டாம் காம்பிராவுக்கு வைத்த கைநாட்டு

தை மாதம், புதன் இரவு.

நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

மண்சரிவில் தோட்டத்து லய வீடுகளை இழந்தவர்களுக்கு வீடு கொடுக்கும் பட்டியலை இன்று, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. "ஐயா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க" என்று கிராம சேவகரிடம் சொன்னேன். வாசித்தார். எங்கள் லயத்தில் எட்டாம் காம்பிரா அறையில் இருந்த மாரியாயி பெயர் வரவேயில்லை.

"அங்க யாரும் குடியில்லைனு எழுதியிருக்கே" என்றார்.

"எந்தப் பய சொன்னான்? அவ கல்யாணமாகி வந்ததுல இருந்து அங்கதானே இருக்கா!"

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "பெரியவரே, சாட்சிக் கைநாட்டு உங்களோடது."

மண்சரிவுக்குப் பிறகு தங்கியிருந்த முகாமில் அரிசி கொடுத்த அன்று வைத்தது. சிங்களத்தில் இருந்தது. அரிசிக்கான தாள் என்று நினைத்துவிட்டேன். எந்தக் காம்பிராவில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். அன்று அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

மாரியாயி பக்கத்தில்தான் நின்றாள். "அப்ப இத்தனை வருஷமா நான் எங்கண்ணே இருந்தேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் தூங்கவிடவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறேன். ரேகை என்னுடையது, சொல் என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாசித்துக் காட்டாமல் வாங்கியது யார் என்றும் கேட்க வேண்டும்.

"இதுக்கும் கைநாட்டு வைக்கிறீங்களா மாமா?" என்கிறாள் மருமகள்.

முதலில் வாசித்துக் காட்டு என்றேன்.