கிரிஞ்ச் என்றொரு சொல்

மார்ச் 4, செவ்வாய்
குழாய் ரிப்பேருக்கு இன்றும் ஆள் வரவில்லை. மகளின் ஆபீஸ் படம் பேஸ்புக்கில் வந்திருந்தது. இளைத்துப்போயிருக்கிறாள். மனசு கேட்கவில்லை. கீழே எழுதினேன்: ‘கடவுளே, மூன்று இன்டர்வியூ கைநழுவிவிட்டது. நாளைக்கு இருப்பதாவது கிடைக்கட்டும். இந்த ஆபீஸிலிருந்து என் பெண்ணுக்கு விடுதலை கொடு.’ பிரார்த்தனைக் கூடத்து நோட்டில் எழுதுவது போலவே, தேதி போட்டு, ஒன்றையும் விடாமல்.

மார்ச் 5
பதினேழு பேர் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள். ஒருவன் ‘கிரிஞ்ச்’ என்று எழுதியிருக்கிறான். மதியம் மகள் போன் செய்தாள்.
“நான் வேற வேலை தேடுறது இங்க யாருக்கும் தெரியாதும்மா. மேனேஜர் கூப்பிட்டு, ‘விடுதலை எப்போ?’ன்னு கேக்குறார்.”
“சாமிகிட்டதானே கேட்டேன்?”
“சாமி பேஸ்புக்லயா இருக்கார்?”
வைத்துவிட்டாள்.

மார்ச் 6
அழித்துவிட்டேன். அதற்குள் யாரோ படம் எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பியாயிற்றாம்.

மார்ச் 8
போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். அந்தச் சொல்லையாவது பார்த்துவிடலாம் என்று நூலகம் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலமெல்லாம் அகராதி போட்ட பிச்சை. பெரிய அகராதியைக் கேட்டதும் நூலகர், “என்னம்மா, இந்த வயசுல பரீட்சையா?” என்றார். “எழுதி ஃபெயிலும் ஆயாச்சு” என்றேன்.

குறித்து வந்தது: ஆதியில் போரில் விழுவது, பணிந்துபோவது. பிறகு பயத்தில் உடம்பை ஒடுக்குவது. பிறகு பெரியவர்கள் முன்னால் குழைந்து நிற்பது. இப்போது, அடுத்தவர் செய்வதைப் பார்த்துக் கூசுவது.

எத்தனை நூற்றாண்டு! அந்தச் சொல்லுக்குள் ஓர் உடம்பு குறுகிக்கொண்டேதான் இருக்கிறது. என்னைத் திட்டிவிட்டான் என்றுதானே மூன்று நாளாகக் குமுறினேன்? குறுகினது யாரு — நானா? மேனேஜர் மேசைக்கு முன்னாடி அவதானே நின்னா.

மார்ச் 9
‘தப்புதான்மா’ என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 20
இல்லை.

ஏப்ரல் 17
காலையில் அவளே பேசினாள். மழை, என் முட்டிவலி, அவள் அப்பாவின் மாத்திரை. “வேலை எப்படிம்மா போகுது?” என்றேன். “போகுதும்மா” என்றாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “புது ஆபீஸுக்கு நடந்தே போயிடலாமாம்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேர்ந்து ஒன்பது நாளாகிறதாம்.
“அம்மாகிட்ட இப்போ சொல்ல வேணாம்னு சொன்னா” என்றார் மெதுவாக.
“எனக்குத் தெரியும்னு அவகிட்ட காட்டிக்காதீங்க.”
உள்ளே போய்க் கண்ணை மூடி நன்றி சொன்னேன். உதடுகூட அசையவில்லை.