வியாழனில் ஒரு சிவப்பு வட்டம்

உப்புவெளி,
தை 1996

அன்பின் உங்களுக்கு,

தை முடிவதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வா என்று மூன்றாவது கடிதமும் எழுதிவிட்டீர்கள். அவளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. வேறு புதினம் இல்லை.

போன மாதம் வியாழன் கோளுக்குள் ஒரு கருவியை இறக்கினார்களாம். அங்கே கால் ஊன்றத் தரையே இல்லை, முழுக்க வாயு. ஒரு மணித்தியாலம் செய்தி அனுப்பிவிட்டு அமுக்கம் தாங்காமல் அடங்கிப் போனதாம். வகுப்பில் காட்டவென்று வியாழனைப் பெரிதாக வரைந்து எடுத்துப் போனேன்.

சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் படத்தை விரித்தார்கள். வளைந்த கோடுகளும் சிவப்பு வட்டமும் இருந்ததால் துறைமுக வரைபடம் என்று நினைத்துவிட்டார்கள்.

“இந்தச் சிவப்பு என்ன?” என்று தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

“புயல், ஐயா. முந்நூறு வருசமா ஓயாம அடிக்குது.”

படத்தோடு என் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் போய்வர மட்டும் ஒரு துண்டுச் சீட்டு தந்திருக்கிறார்கள். நீங்கள் இங்கே வந்துவிடாதீர்கள். வந்தால் உங்கள் அட்டையையும் வாங்கிவிடுவார்கள், திரும்பிப் போக ஏலாது.

தினமும் அட்டையைக் கேட்கிறேன். நேற்றும் அந்தத் தமிழ் தெரிந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“புயல் ஓயட்டும், டீச்சர்.”

இப்படிக்கு,
உங்கள் மனைவி