கதவை மூடினால்தான் குளிரும்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் அக்காவுக்கு,

நம் வீட்டில் ஏசி மாட்டியாகிவிட்டது. "நமக்கெதுக்குடி இதெல்லாம்" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. உன் மகள் மாரிதான் ஒற்றைக்காலில் நின்றாள். உனக்குப் பிறகு என்னிடம் வளர்ந்தவள், இப்போது சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். பட்டாசுப் பக்கம் அவளை நான் விடவில்லை. அந்த மட்டுக்கும் உன் ஆசையைக் காப்பாற்றினேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வெந்த தோல் ஆறினாலும் அதில் வேர்வை வராது. என் முதுகும் இரண்டு கைகளும் அப்படித்தான். சூடு வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே நிற்கும். இந்தச் சித்திரையில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். பகலெல்லாம் குளிர்ந்த அறையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆகாது என்று டாக்டர் சொன்னதை மாரி பிடித்துக்கொண்டாள்.

சாத்தூரில் ஒரு பாய் நடத்துகிற ஏசி கடைக்குப் போனோம். இன்வெர்ட்டர் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத சாதா ஏசி என்று இரண்டையும் காட்டினார். எனக்குத் தெரிந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனால் லைட் எரிய வைக்கிற பெட்டிதான். "அது வேறம்மா" என்று சிரித்தார்.

"சாதா முழு வேகத்துல ஓடும், குளுந்ததும் நிக்கும், திரும்ப முழு வேகத்துல ஓடும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் போடுறவுகளுக்கு அது போதும், வெலையும் கம்மி. இன்வெர்ட்டர் அப்பிடியில்ல. ரூம் குளுந்ததும் வேகத்தைக் கொறச்சுக்கிட்டு மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். பகல் பூரா வேணும்னா இதுதான் நல்லது, கரண்டும் மிச்சம்."

மாரி இன்வெர்ட்டர்தான் என்று முடிவே செய்துவிட்டாள். அப்போது அவர் கேட்டார். "ரூம் கதவை மூடித்தான வைப்பீக?"

"இல்ல பாய், சித்தி எந்தக் கதவையும் மூட விடமாட்டாக" என்றாள் மாரி.

"அப்ப இது எதுக்கும்மா? கதவு தொறந்து கெடந்தா ரூம் குளுராது. ரூம் குளுராம மெசின் வேகத்தைக் கொறைக்காது. கூடுதலாக் குடுத்து வாங்குறது வீணாப் போயிரும்."

பதினான்கு வருடமாக நம் வீட்டில் கதவு சாத்தியதில்லை, அக்கா. குளிக்கிற இடத்தில்கூடப் பழைய சேலையைத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். வெடியில் பிழைத்தவளுக்கு மூடிய அறை என்றால் பயம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மாரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமா?

பட்டாசு ஆலையில் நாம் பேக்கிங் செய்த அறைக்கு எதிரெதிரே இரண்டு வாசல். எந்தப் பக்கம் தீ வந்தாலும் மறுபக்கம் ஓடுவதற்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அன்றைக்குத் தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி, மழை வேறு தூறியது. வெளியே கிடந்த அட்டைப்பெட்டிகள் நனைந்துவிடும் என்று இழுத்துவந்து பின்வாசலில் நான்தான் அடுக்கினேன். "வழியில வைக்காதடி" என்றாய். "ரெண்டு நிமிசந்தான்க்கா, எடுத்துர்றேன்" என்றேன். எடுக்கவில்லை. பக்கத்து அறை வெடித்துத் தீ தாவியபோது நான் முன்வாசல் வழியாக ஓடினேன். பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நீ அங்கே ஓடினாய்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்கள், பெட்டியை யார் வைத்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். மாரி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல? ஆனால் அவளுக்குப் பதினெட்டு ஆனது, இருபத்திரண்டும் ஆகிவிட்டது. அப்புறமும் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை, சத்தியமாக.

கடையில் நின்றுகொண்டு மாரி, "சாதாவே குடுங்க பாய். கதவு தொறந்தே கெடக்கட்டும். எங்க சித்தி பயப்படாம இருந்தாப் போதும்" என்றாள். எனக்காக அவள் இரங்குவது எனக்குத் தாங்கவில்லை. "இன்வெர்ட்டரே போடுங்க பாய், மூடிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டேன். மாரி என் முகத்தையே பார்த்தாள்.

மாட்ட வந்தவர்கள் போனதும் மாரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கதவை மூடவில்லை. எழுந்து போக நினைத்தால் அவள் போகட்டும் என்றுதான் மூடவில்லை. முழுவதையும் கேட்டாள். கடைசியில், "வைக்காதன்னு எங்கம்மா சொல்லுச்சா?" என்றாள்.

"சொல்லுச்சு" என்றேன்.

எழுந்து வெளியே போய்விட்டாள். ஏசி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. வாசல் வழியாக அனல் உள்ளே வந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அவளும் போய்விட்டாள் என்றே மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல இருந்து சொல்லுங்க. எங்கம்மா என்ன சேலை கட்டியிருந்துச்சு?"

சொல்லத் தொடங்கியிருக்கிறேன், அக்கா. தினமும் கொஞ்சம் கேட்கிறாள். எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்காமல், ஒன்றையும் விடாமல் சொல்வேன். மன்னித்தாயா என்று மட்டும் அவளிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
மாரியின் சித்தி