ஆண்டவரிடம் ‘நம்ம’ என்று சொன்னவருக்கு

அண்ணா,

நேற்று சாயங்காலம் கீர்த்தனைப் புத்தகத்தின் கிழிந்த பிளாஸ்டிக் உறையை மாற்றலாம் என்று கழற்றினேன். உள்ளேயிருந்து உங்கள் அட்டை விழுந்தது. யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் நீல மையில் எழுதி, இரண்டாக மடித்து நீங்கள் கொடுத்தது. ஒரு வருடமாக ஞாயிறுதோறும் அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன், பிரித்துப் பார்க்காமல். நேற்று முதல் வரியைப் படித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை அடக்கம் செய்த அன்றைக்கும் அது இதே புத்தகத்துக்குள்தான் இருந்திருக்கிறது.

நம் சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்துக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே, சபையில் தேசத்துக்காக ஜெபிக்கிற முறையை உங்களுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்தால் காஷ்மீரில் ஆரம்பித்து, உங்கள் தெருவுக்குக் கூடையோடு வருகிற மீன்காரம்மாவின் முழங்கால் வலியில்தான் முடிப்பீர்கள். அந்த அம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவர் என்பது ஒரு பொருட்டே இல்லை உங்களுக்கு. அது எனக்கும் பிடிக்கும். ஆனால் “ஆண்டவரே, நம்ம தேசத்தை ஆசீர்வதியும்” என்பீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவள் நான். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘நாங்கள்’. ஆண்டவரிடம் பேசும்போது ‘எங்கள் தேசம்’ என்றுதான் வர வேண்டும். இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபமே ‘எங்கள் பிதாவே’ என்றுதானே போகிறது? ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவருக்கு ஓட்டு எந்த வார்டில், சிட்லபாக்கத்திலா அஸ்தினாபுரத்திலா என்று கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. “ஊர்ல ஏற்கனவே நம்மள வெளிநாட்டு சாமி கும்பிடுறவங்கன்னு சொல்றாங்க டீச்சர். நாமளே அவர்கிட்ட போய் ‘எங்க நாடு’ன்னா, அவர் வெளிநாட்டுக்காரர்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

இலக்கணத்துக்கு அது பதில் இல்லை என்றேன். அடுத்த முறையும் ‘நம்ம’ என்றீர்கள். நான் பொறுக்காமல் கண்ணைத் திறந்து பார்த்தால், நீங்களும் ஒரு கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ஒரிசாவில் நம் கிறிஸ்தவ ஜனங்களின் வீடுகளையும் கோயில்களையும் எரித்தார்கள். பேப்பரில் படித்து, ஒரு ஞாயிறு அவர்களுக்காக ஜெபித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம். சில வாரம் கழித்துக் கீழ்க்கட்டளையில் அடுக்குமாடி கட்டுகிற இடத்திலிருந்து பத்துப் பேர் ஆராதனைக்கு வந்து வாசலோரம் நின்றார்கள். ஒரிசாக்காரர்கள். நீங்கள் எழுந்து போய் அவர்களை முன்வரிசைக்குக் கூட்டி வந்தீர்கள். அவர்களில் மூத்தவர் தானியேல். நம் சபையிலேயே நாலைந்து தானியேல் உண்டு. இந்தத் தானியேல் ஊருக்குத் திரும்பினால் தலைக்கு மேல் கூரை கிடையாது என்று, அவர் இந்தியில் சொன்னதை நீங்கள்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள். ஞாயிறு மூன்று மணிக்குச் சபை ஹாலில் ஒரு மணி நேரம் தங்கள் பாஷையில் ஜெபிக்க அவர்கள் இடம் கேட்டார்கள்.

கமிட்டியில் மறுத்தது நான்தான். செயலாளர் என்ற முறையில் மறுத்ததாகச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு ஹால் கேட்கிறவர்கள் நாளைக்கு வேறு என்ன கேட்பார்களோ என்றேன். தரையெல்லாம் சேறாகிறது என்றேன். நீங்கள் விடாமல் பேசவும், “இது எங்க சபை, அண்ணா. தமிழ்ச் சபை” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

“இலக்கணப்படி சரியாத்தான் சொல்றீங்க டீச்சர்” என்றீர்கள். “என்னை விட்டுட்டுச் சொல்லிட்டீங்க.”

அடுத்த ஞாயிறு அந்த அட்டையை நீட்டினீர்கள். ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள் என்றீர்கள். நான் வெடுக்கென்று வாங்கி உறைக்குள் செருகினேன். அதற்கடுத்த வியாழக்கிழமை காலையில் உங்கள் வீட்டு அக்கா போன் செய்தார்கள். தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், அதோடு சரியாம். “யாரு, யாரு?” என்று மூன்று தடவை கேட்டேன். அந்த அக்காவை மூன்று தடவை உங்கள் பெயரைச் சொல்ல வைத்தேன். இன்னும் அதை நினைத்தால் கூசுகிறது.

கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. போதகர் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். எங்களுக்குப் பின்னாலிருந்து பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன, தமிழில். உடைந்த தமிழ்தான், ஆனால் ஒரு வரி விடவில்லை. எங்களுக்குத் தெரியாமல் அந்தக் கட்டடத்துத் தூசியில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் ‘எங்கள் பிதாவே’ என்றோம். அவர்கள் ‘நம்ம பிதாவே’ என்றார்கள். உங்கள் தப்பு அப்படியே, பிசகாமல்.

குடை கையை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தானியேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிமெண்டு படிந்த கையைக் கட்டி நின்றார். வீடு எரிந்த மனுஷர் எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்து ‘நம்ம’ என்கிறார். அவருக்கு ஒரு மணி நேரம் உட்கார ஹாலில் இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த ஜெபத்தை அன்றைக்கு என்னால் முடிக்க முடியவில்லை, அண்ணா.

அடுத்த கமிட்டியில் ஹாலைக் கொடுக்கத் தீர்மானம் எழுதினேன். சாவியை நானே எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன். கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். “அவங்க போய்ட்டாங்கம்மா” என்றார் காவலாளி. “வேல முடிஞ்சிது, லாரில ஏத்திகினு போய்ட்டாங்க. எந்த ஊருன்னு நமக்கு இன்னா தெரியும்?” சாவியோடு திரும்பி வந்தேன்.

நேற்றுதான் அட்டையைப் படித்தேன். அதே பரமண்டல ஜெபம், இந்தியில், தமிழ் எழுத்தில். ‘ஹே ஹமாரே பிதா’ என்று ஆரம்பிக்கிறது. ‘ஹமாரே’வுக்கு அடியில் கோடு போட்டு, பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: “டீச்சர், இந்தியில எங்கள், நம்ம ரெண்டுக்கும் இந்த ஒரே வார்த்தைதான். இந்தப் பாஷைல பேசியிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காது.” சமாதானம் பேசத்தான் வந்திருக்கிறீர்கள். நான் அதைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்று காலை தேசத்துக்காக ஜெபிக்கிற முறை எனக்கு. காஷ்மீரிலிருந்து ஆரம்பித்தேன். எந்த ஊரில் செங்கல் சுமக்கிறாரோ, தானியேலைப் பெயர் சொல்லி ஜெபித்தேன். மீன்காரம்மாவின் முழங்காலையும் விடவில்லை. “ஆண்டவரே, நம்ம தேசத்தை” என்றேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது, என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். “டீச்சர், அது ‘எங்கள் தேசம்’னுதானே வரணும்?”

இலக்கணப்படி அதுதான் சரி என்றேன். அடுத்த முறையும் ‘நம்ம’ என்றுதான் சொல்வேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.