முதலாளியின் படுக்கை

தேங்காய் நார்த்தூள் நனைந்த மணம் இன்று காலை அடுக்களை வரை வந்தது. ஊறப்போட்டவள் நான்தான். ஆனாலும் ஒரு நொடி, நீங்கள் பின்பக்கம் வாளியோடு குந்தியிருக்கிறீர்கள் என்று நினைத்து, "சாயா ஆறுது" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நீங்கள் டிரைவராக இருந்த வீட்டின் முதலாளி துபாய்க்குக் குடிபோனபோது, உரிமைக் காகிதங்களோடு உங்களிடம் ஒப்படைத்தது இந்த வெளிநாட்டு ஆமையை. முதலாளி வீட்டிலிருந்து வந்ததால் அதற்கு முதலாளி என்றே பேர் வைத்தீர்கள். "முதலாளி சாப்பிட்டாச்சா?" என்று நீங்கள் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலே எட்டிப் பார்த்து, "இப்பமும் டூட்டிதானா அண்ணாச்சி?" என்று சிரிப்பாள்.

வந்த புதிதில் தப்புச் செய்தவள் நான். மரமில்லில் இருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து கூண்டு நிறையப் பரப்பினேன். புதுக்கட்டில் மாதிரி நல்ல வாசனை. நாலாம் நாள் அதன் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. இலையைத் தொடவில்லை. மிருக டாக்டரம்மா பார்த்ததும், "மரப்பொடி வேண்டா, கேட்டோ! சகிரிச்சோறு மதி" என்றார். மரத்தூள் வேண்டாம், தேங்காய் மட்டையின் நார்த்தூள் போதும் என்று மலையாளத்தில் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கரமனை பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். "ஏட்டி, உனக்கு மணந்தா போதுமா? படுக்கப்போறது அதுல்லா?" என்றீர்கள்.

அன்றிலிருந்து அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். மட்டை காயலின் உப்புத் தண்ணீரில் ஊறியது, தூளிலும் உப்பு இருக்கும் என்று மூன்று தண்ணீர் மாற்றுவீர்கள். கடைசித் தண்ணீரில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். நான் முகம் சுளித்தால், "நீ குழம்புக்கு உப்புப் பாக்கலியா?" என்பீர்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு வாளிக்கு மூன்று கை செம்மண். எத்தனை தடவை சொன்னீர்கள்! காதில் வாங்காமல் அரிசி களைந்துகொண்டிருப்பேன்.

நீங்கள் போய், பதினாறாம் நாள் சடங்கு முடியும்வரை அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. வந்தவர்கள் யாரோ கீரை போட்டார்கள். நேற்றுப் பார்த்தால், படுக்கை காய்ந்து தூசியாகக் கிடக்கிறது. பழையபடி கண் வீங்கி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. உங்களோடு அதையும் அனுப்பிவிடுவேனோ என்று அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். டாக்டரம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, முதலில் படுக்கையை மாற்றச் சொன்னார்.

இன்று மூன்று தண்ணீர் மாற்றினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்று கை மண் போட்டுக் கிளறிப் பிடித்தேன். உருண்டை நிற்காமல் உதிர்ந்தது. எங்கே தப்பு என்று விளங்காமல் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு கை மண் போட்டேன். நின்றது.

முதலாளி முன்காலால் தோண்டித் தோண்டி, பாதி உடம்பு மறையப் புதைந்துகொண்டது. சாயங்காலம் ஒரு செம்பருத்திப் பூவை நீட்டினேன். கண்ணை முழுசாகத் திறக்காமலே ஒரு கடி கடித்தது.

மூன்று கை என்று நீங்கள் சொன்னது உங்கள் கைக்கு. என் கைக்கு நாலு வேண்டியிருக்கிறது.